பாதி வேலை

ஒன்பது நாளாக அந்தக் கம்ப்யூட்டர் ஓடவில்லை. அதைவிட அவளை உறுத்தியது தூசுதான். புதிதாக வாங்கிப் பிரித்த மதர்போர்டின்மேல் தினமும் மெல்லிய சாம்பல் நிறத் தூசு படிந்திருந்தது, யாரோ உட்கார்ந்து மாவு சலித்த மாதிரி. பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டுப் போவாள். மறுநாள் மதியம் வந்து பார்த்தால் மறுபடியும் இருக்கும்.

வீட்டின் கடைசி அறை அது. அப்பாவுக்கு வெளிச்சம் ஆகாது என்று ஜன்னல் திரையின்மேல் ஒரு போர்வையையும் மாட்டியிருந்தாள் அம்மா. வெளியே மூன்று மணி வெயிலில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தமும், தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தமும், தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மழுங்கி வந்தன. அறைக்குள் ஒரு கருகல் வாடை. அந்த வாடை வந்த முதல் நாள், பவர் சப்ளைதான் கருகிவிட்டது என்று நினைத்து அதன் கம்பி வலையில் மூக்கை வைத்து முகர்ந்திருந்தாள். அதில் புது பிளாஸ்டிக்கின் வாசனைதான் இருந்தது. கருகல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பின்னால் அப்பாவின் நாற்காலி.

"என்னம்மா, ஆச்சா?"

"பாக்கறேன்ப்பா." அவள் திரும்பவில்லை.

"சயின்ஸ் படிச்ச பொண்ணு. ஸ்க்ரூ டிரைவரைக் கரண்டி மாதிரி பிடிக்கறே."

முதல் தடவை இதைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் அதே சொற்கள். அதே இழுப்பு. கடைசியில் அதே சின்ன இருமல்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையில் அவருக்கு ஒரே ஒரு விதி: பாதியில் எழுந்திருக்கக் கூடாது. லிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் யாரோ ஒருத்தர் குழியில் விழுந்து சாவார் என்பார். சோறு ஆறினாலும் சரி, மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் கொட்டாவி விட்டாலும் சரி, கையிலெடுத்தது முடிந்தால்தான் எழுவார். அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்ததும் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்து அவள் முன் பரப்பினார். "நீயே பூட்டு. நான் உக்காந்து பாக்கறேன். இது ஓடினாத்தான் எந்திரிப்பேன்" என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

இன்னும் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுவதில்லை. தூங்குவதில்லை. அம்மா தினமும் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைப்பாள். ஒன்று ஆடை படிந்து அப்படியே கிடக்கும். ஆடையின்மேல் அதே தூசு.

அம்மாவும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. வீட்டில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை கிடந்தது. ஈரத் தரையைத் தாண்டுவதுபோல் இருவரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

இது ஓடினால் அவர் எழுந்துவிடுவார். எழுந்தால் போய்விடுவார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் தினமும் ஒரு கோளாறு. ஒருநாள் அழுத்திப் பூட்டிய ராம் மெமரியின் கிளிப் திறந்து கிடந்தது. இன்னொரு நாள் பவர் பட்டனின் மெல்லிய வயர் கழன்றிருந்தது. நேற்று எல்லாவற்றையும் பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாட்டியிருந்தாள். இன்று பட்டனை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை.

டார்ச்சை உள்ளே அடித்தாள். பிராசஸருக்குப் போகும் கேபிள் பாதி வெளியே நின்றது. நேற்று டிக்கென்று பூட்டும்வரை அழுத்திய கேபிள். அதன் அடியில் ஏதோ மினுங்கியது. எடுத்தாள்.

ஒரு ஹேர்பின்.

அவளுக்குக் கழுத்தோடு வெட்டிய முடி. இந்த வீட்டில் ஹேர்பின் குத்துகிறவள் ஒருத்திதான்.

நிமிர்ந்தாள். வாசற்படியில் அம்மா, இரண்டு டம்ளர்களோடு.

"ராத்திரி வந்து பிடுங்கறது நீதானா?"

"ஓடாமப் போனாத்தான் என்ன? குடியா முழுகிடும்?" அம்மாவின் குரல் எழவே இல்லை. "வீட்ல இருக்கார். பேசினாப் பேசறார். உனக்கென்ன கஷ்டம்?"

"அவரை நீ வெளிச்சத்துல பாத்தியாம்மா?"

அம்மா டம்ளர்களைத் தரையில் வைத்தாள். ஒரு டம்ளர் மற்றதில் இடித்துக் கிணுகிணுத்தது.

"என்னம்மா, ஆச்சா?"

கேபிளை அழுத்தினாள். டிக்.

"வேண்டாம்டி."

பட்டன்.

ஃபேன் சுற்றியது. தூசு எழும்பியது. ஒரே ஒரு பீப், எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வரும் பீப். மானிட்டர் வெளுத்தது. அந்த வெளிச்சம் அவள் தோளைத் தாண்டிப் போய்ப் பின்னால் விழுந்தது.

திரும்பினாள்.

சட்டை இருந்தது. சட்டைக்குள் தோள்கள். அதற்கு மேலே, முகம்போலக் குவிந்து நின்ற சாம்பல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அது அசைந்தது.

"ஆச்சு."

கைப்பிடிகளில் கை ஊன்றியது. எழுந்தது. எழ எழ உதிர்ந்தது. முதலில் விரல்கள்.

"போங்கப்பா," என்றாள். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

அம்மா நின்ற பக்கம் சுவிட்ச் தட்டும் சத்தம்.

இருட்டு.

ஃபேன் ஓய்ந்தது. காற்றில் பறந்த தூசு திரும்பி, அவள் கன்னத்தை உரசிக்கொண்டு நாற்காலிப் பக்கம் போனது. மெதுவாக. நாற்காலி கிறீச்சிட்டது. கனமாக.

"என்னம்மா, ஆச்சா?"

அவள் வாய் திறப்பதற்குள் அம்மாவின் உள்ளங்கை அதைப் பொத்தியது. சொரசொரத்த கை. அதிலும் அதே கருகல். குழந்தையைத் தூங்கவைக்கும் குரலில் அம்மா அவள் காதோரம் சொன்னாள்:

"நாளைக்குப் பாக்கலாம்ப்பான்னு சொல்லு. எனக்குத் தெரியாதாடி? இந்த நாற்காலியிலதான் செத்தார். நாமதானே கொண்டுபோய் எரிச்சுட்டு வந்தோம்."