ஞாயிறு காலை ஆறரை மணிக் கேசட்

தாம்பரம் தொலைபேசி நிலையத்தில் வேலை முடித்து வெளியே வந்த பாலாம்பாளின் கையை, வாசலில் காத்திருந்த சாமுண்டீஸ்வரி, ஆட்டோ ஓட்டும் சம்பத்தின் மனைவி, பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரரை மூணு நாளா ஸ்டேஷன்ல வச்சிகினு வுட மாட்டேன்றாங்க. தெரு பெருக்குற குப்புராஜ் அண்ணனை ஆட்டோவுல இட்சிட்டு ஓடிட்டாராம். ஞாயித்துக்கெயம காலையில அவரு வூட்ல தூங்கிகினு இருந்தாரு. நான் சொன்னா யாரு நம்புறாங்க? கேசட்டுல கீதாம்!"

பின்னால் வந்த, கூட வேலை பார்க்கும் ஜெயக்கொடிக்கு முகம் வெளுத்தது. அந்தக் கேசட்டைப் போலீசில் போட்டுக் காட்டியபோது கேட்டு, "ஓட்டை சைலன்சர், இது சம்பத் ஆட்டோதான்" என்று சொன்னவளே அவள்தான்.

அந்த 1989-ஆம் வருடம் சேலையூர்ப் பக்கத்துக் காலனிவாசிகள் பத்துப் பேர் சேர்ந்து, ஊரின் அன்றாடச் சத்தங்களைக் கேசட்டில் சேகரித்து வந்தார்கள். ரயில்வே கேட் மணி, பால் பூத் வரிசை, காய்கறிக்காரி குரல், எல்லாம். ஜெயக்கொடிக்கு அதில் அலாதி ஆர்வம். குப்புராஜ் அடிபட்ட அதே நேரத்தில் தன் மொட்டைமாடியில் பதிவு செய்ததாகக் கேசட்டைப் போலீசில் கொடுத்தவர், குழுவை ஆரம்பித்த ஸ்ரீரங்கன்.

"பிரதி அவர்கிட்ட இருக்குமில்ல? போய்க் கேட்போம்" என்றாள் பாலாம்பாள். இருபது வருடமாகக் காதில் ஹெட்போன் மாட்டியே பழகியவள். குரலை உயர்த்தவே மாட்டாள்.

ஸ்ரீரங்கன் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் உறை போர்த்தி நின்றது. அவர் கேசட்டை ஓடவிட்டார். "ஞாயிறு, காலை ஆறரை, மொட்டைமாடி" என்று அவர் குரல். ஒரு 'டக்'. பிறகு காக்கைகள், பக்கத்து வீட்டுக் கிரைண்டரின் கடகட, குழாயடியில் குடம் வைக்கும் ஒலி. கடைசியில் படபடவென்று ஓர் ஆட்டோ.

ஜெயக்கொடியால் உட்கார முடியவில்லை. நின்றபடியே, "இரைச்சலே இல்லாம வந்திருக்கே சார்" என்றாள்.

"பேட்டரியில எடுத்தேம்மா. அன்னிக்கு விடிகாலையிலேருந்து கரண்டே இல்லையே. எட்டு மணிக்கு மேலதானே வந்தது."

பாலாம்பாள் இன்னொரு முறை போடச் சொன்னாள். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஆமா சார், ஞாயித்துக்கிழமை நான் டியூட்டியில இருந்தேன். எட்டே கால் வரைக்கும் ஜெனரேட்டர்லதான் எக்ஸ்சேஞ்சே ஓடிச்சு. கரண்ட் இல்லாத தெருவுல கிரைண்டர் எப்படி ஓடிச்சு?"

ஸ்ரீரங்கன் அவசரமாகக் கேசட்டை வெளியே எடுத்தார்; பாலாம்பாள் விடவில்லை.

"இது வேற நாள் பதிவு. கிழமை சொல்ற குரலை மட்டும் அப்புறமா மேல ஏத்தியிருக்கீங்க. அதான் அந்த 'டக்'. ஜெயக்கொடி ஆட்டோவைச் சரியாத்தான் சொன்னா. நாள்தான் தப்பு. ஆறரைக்கு நீங்க மாடியில இருந்ததா காட்டிக்க வேண்டிய அவசியம் என்ன? ஜெயா, அந்த ஸ்கூட்டர் உறையை எடு."

ஜெயக்கொடி ஓடிப்போய் இழுத்தாள். முன்விளக்கு நொறுங்கி, மட்கார்டு உள்ளே ஒடுங்கியிருந்தது.

ஸ்ரீரங்கன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "வண்டலூர் ஜூவுல சிங்கம் கர்ஜிக்கறதை வெளியிலேருந்தே எடுக்கலாம்னு ஸ்கூட்டர்ல கிளம்பினேன். தோள்லேருந்து டேப்ரிக்கார்டர் நழுவிச்சு. அதைப் பிடிச்சுண்டு நிமிர்றதுக்குள்ள... ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, மேடம். அவர் பிழைச்சுப்பாரா?"

"இன்னிக்குக் கண் திறந்தாராம். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போகலாம். முதல்ல ஸ்டேஷனுக்கு வாங்க."

ஸ்டேஷனில் முதலில் பேசியது ஜெயக்கொடி. "நான் சொன்னதைத் திருத்தணும் சார்" என்று ஆரம்பித்தவள், எழுதி முடியும்வரை உட்காரவே இல்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சம்பத் வெளியே வந்தான். ஜெயக்கொடி அவன் எதிரே போய் நின்றாள். "உங்க ஆட்டோன்னு சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க."

"சத்தம் என்னுதுதாம்மா. அது பொய்யில்ல." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு நாளா எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போவல. ஆளைச் சாவடிச்சவன் பொண்ணுன்றாங்களாம். அங்க வந்து யாரு சொல்றது?"

"நான் வரேன்" என்றாள் ஜெயக்கொடி.

ஸ்டேஷன் வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிய சாமுண்டீஸ்வரி நகர்ந்து, பின்சீட்டில் அவளுக்கு இடம் விட்டாள்.