பதினோராம் கேள்விக்காரி

குண்டூசிக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை தெரியும். பதினோராவது கேள்விக்கு.

அவள் மக்கு இல்லை. அந்த வகுப்பில் எல்லாருக்கும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு விடை. மொத்தம் இருபது பேர், அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இருபது கேள்விகள். பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரி எதைக் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு உரியவர் மட்டும் எழுந்து கடகடவென்று ஒப்பிக்க வேண்டும். இது புது சாரின் ஏற்பாடு.

புது சார் முன்பெல்லாம் இப்படி இல்லை. எதையாவது ஏன் என்று கேட்டால், "செஞ்சு பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்பார். எறும்பு வரிசைக்கு நடுவில் ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, அவை வழி தெரியாமல் தவிப்பதை பிள்ளைகளோடு குந்தி உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தவர். அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டார். எப்போது பார்த்தாலும் மனப்பாடம், மனப்பாடம்.

காரணம் குண்டூசிக்கு மட்டும் தெரியும். சுண்ணக்கட்டி வாங்கப் போனபோது, தலைமையாசிரியர் அறை வாசலில் அவள் காதில் விழுந்துவிட்டது.

"அதிகாரி நல்லபடியா எழுதலைன்னா உங்களை இங்க வெச்சுக்க முடியாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

அன்றிலிருந்து குண்டூசிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

"பூனை எங்கடா?" என்று அவசரக்குடுக்கையிடம் கேட்டாள். அந்த வகுப்பில் எல்லாரையும் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"காய்ச்சல். அவங்கம்மா லீவு லெட்டர் குடுத்துவிட்டாங்க."

பூனையுடையது ஐந்தாம் கேள்வி. அதை மட்டும் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

அதிகாரி தலைமையாசிரியரோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் முகம். கண்ணாடி டம்ளரில் அவருக்கு ஜில்லென்று தண்ணீர் வைத்தார்கள். அவர் முதலில் மூன்றாம் கேள்வியைக் கேட்டார். அவசரக்குடுக்கை துள்ளி எழுந்து, "கேள்வி எண் மூன்று" என்று தொடங்கி மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான்.

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தவர், அடியிலிருந்த தாள் நனைந்திருப்பதைக் கவனித்தார்.

"சரி, இதைச் சொல்லுங்க. டம்ளருக்கு வெளியில எப்படித் தண்ணி வந்துச்சு?"

ஐந்தாம் கேள்வியேதான். பத்தொன்பது தலைகளும் காலி இடத்தின் பக்கம் திரும்பின.

"சார், அது பூனையோட கேள்வி" என்றான் அவசரக்குடுக்கை. "அவனுக்குக் காய்ச்சல்."

புது சாரின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த குண்டூசியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"எனக்குப் பதில் தெரியாது சார். ஆனா... செஞ்சு பாத்துடலாம்."

"டம்ளர் ஒழுகுது, அவ்வளவுதான்" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"ஒழுகுதான்னு பாப்போம்" என்றாள் குண்டூசி. நேராக நடந்து வந்தாள். தன் மைப்பேனாவைத் திறந்து, அதிலிருந்த நீல மை முழுவதையும் அதிகாரி குடிக்கவிருந்த தண்ணீரில் ஊற்றிவிட்டாள்.

யாரோ 'ஐயோ' என்றார்கள். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். தான் செய்த காரியம் அப்போதுதான் குண்டூசிக்கே உறைத்தது. ஆனால் ஊற்றிய மையைத் திரும்ப எடுக்கவா முடியும்?

கைக்குட்டையால் டம்ளரின் வெளிப்புறத்தைத் துடைத்தாள். "உள்ள இருக்கறதுதான் வெளிய வருதுன்னா, இப்ப நீலமா வரணும் சார்."

எல்லாரும் காத்திருந்தார்கள். ஒன்றுமே வரவில்லை. வராமலே போய்விட்டால்? சாரின் வேலையை நானே கெடுத்துவிட்டேனா?

மெல்ல மெல்லக் கண்ணாடியில் பனி படர்ந்தது. அது துளிகளாகத் திரண்டது. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒற்றினாள். தாள் நனைந்தது. நீலம் துளிகூட இல்லை.

"அப்போ ஒழுகலை" என்றார் அதிகாரி. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

குண்டூசிக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அப்போது, வகுப்பில் வாயே திறக்காத தூங்குமூஞ்சி மெதுவாகக் கை தூக்கினான்.

"காத்துலேருந்தா சார்?"

"காத்துல ஏதுடா தண்ணி?" என்றான் அவசரக்குடுக்கை.

"ஈரத்துணி காயுதுல்ல? அந்தத் தண்ணி பின்ன எங்க போகுதாம்?"

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். மணி அடித்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் அதிகாரி புது சாரைப் பார்த்தார். "இது நீங்க சொல்லிக்குடுத்ததா?"

"இல்லைங்க சார்" என்றார் அவர். "நான் மனப்பாடம்தான் பண்ண வெச்சேன்."

குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது இந்தப் பத்து நாளாத்தான் சார்" என்றாள். "அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் செஞ்சு பாக்கத்தான் சொல்லுவாரு. உங்களுக்குப் பயந்துதான் இப்படி ஆயிட்டாரு."

அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மூன்று நாளும் குண்டூசிக்கு மூன்று மாதமாகக் கழிந்தன. நான்காம் நாள் காலை, புது சார் ஒரு கடிதத்தோடு வகுப்புக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சார், அதிகாரி என்ன எழுதியிருக்காரு?" என்று அவளே முந்திக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த வருஷமும் நான் இங்கதான் இருக்கணுமாம். அவரும் நம்ம வகுப்பைத்தான் பாக்க வருவாராம்" என்றார் சார். பிறகு கடிதத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்: "அப்போது எனக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைக்கவும். ஒன்று குடிப்பதற்கு."