பாடகர் வீட்டுப் பெண்

பாலைக் காய்ச்சும்போதே ஜெயம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மதராஸிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிற நாளிலும் சம்பூர்ணம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஊரே கொண்டாடுகிற பாடகர் பூவராகவனின் மனைவி இவள் என்றால் யார் நம்புவார்கள்?

"என் தம்பி மதராஸ்ல வூடு வாங்கிக்கினு வா வான்னு கூப்ட்டான். மாட்டேன்னுட்ட. பன்னெண்டு வருசமா அவன் ஓட்டல் சோறு துன்னுக்கினு கெடக்குறான்... இன்னிக்காவது சிரிச்ச மூஞ்சியா நில்லுமா."

இந்தப் பேச்சு சம்பூர்ணத்துக்குப் பழகிப் போயிருந்தது. ஜெயம்மாள் பூவராகவனின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியை இழந்து வந்து, தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பிள்ளையார்பாளையத்து வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மகள் காந்தா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது; அதனால் பேச்சும் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் போகும்வரை அவளைப் பின்கட்டிலேயே வைத்துக் கதவைச் சாத்தும்படி பூவராகவன் சொல்லி அனுப்பியிருந்தார். கேமராவைக் கண்டால் பெண் மிரண்டுவிடுவாளாம். ஜெயம்மாள் அதை நம்பினாள். சம்பூர்ணம் நம்பவில்லை. ஆனாலும் கதவைச் சாத்தினாள்.

பத்து மணிக்குப் பூவராகவனையும் பத்திரிகைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு கார் வந்தது. அன்று சாயங்காலம் வைகாசித் திருவிழாவில் பூவராகவனின் கச்சேரி. அதற்கு முன்னால் அவருடைய சொந்த வீட்டையும் இல்லறத்தையும் பற்றி எழுத வேண்டும் என்று நிருபர் கேட்டிருந்தார். சம்பூர்ணம் அரக்குப் பட்டுடுத்திக் கணவன் பக்கத்தில் வந்து நின்றாள். சமையல், பாட்டுச் சாதகம், பிடித்த ராகம் என்று பேச்சு போயிற்று. எத்தனை குழந்தைகள் என்று நிருபர் கேட்டார்.

"பகவான் குடுக்கல," என்றார் பூவராகவன். "பாட்டுதான் எங்களுக்குக் குழந்தை."

காபித் தட்டோடு வந்த ஜெயம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சம்பூர்ணம் தரையைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் பின்கட்டுக் கதவு திறந்தது. இடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்துவிட்ட காந்தாவுக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். ஈரப் பாவாடையோடு ஓடிவந்து, அவர் தொண்டையைத் தொடக் கையை உயர்த்தினாள். கைக்குழந்தையாக இருந்தபோது சாதகம் செய்கையில் அவளை மடியில் வைத்து, அவள் உள்ளங்கையைத் தன் தொண்டையில் ஒட்டிக்கொள்வார். அந்த அதிர்வுதான் அவளுக்கு அப்பாவின் பாட்டு.

பூவராகவன் பாதியிலேயே அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"வூட்டு வேலைக்கு இருக்கிற பொண்ணுங்க. காது கேக்காது. பாவம்னு வெச்சிருக்கோம்."

நிருபருக்கு மனம் இளகிவிட்டது. அதையும் குறித்துக்கொண்டார். படம் எடுப்பவர் அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். காந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் அவள் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனாள்.

பத்திரிகைக்காரர்கள் கோயிலைப் பார்க்கக் கிளம்பியதும் ஜெயம்மாள் தம்பியின் எதிரில் வந்து நின்றாள்.

"யாருடா வேலைக்காரி?"

அவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார். பாடகன் பெண்ணுக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் போட்டிக்காரர்கள் என்னென்ன பேசுவார்கள், சபாக்கள் கூப்பிடுமா என்றார். அக்கா அசையாமல் நிற்கவும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன், பொண்ண உங்கிட்ட உட்டுட்டு இவ மட்டும் மதராஸ் வரட்டும்னு. கேட்டாளா? புள்ளைய உட்டுட்டு வரமாட்டேன்னா. சரி, அவளே வர மறுத்ததா உங்கிட்ட சொல்லிக்கலாம்னேன்..."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

ஜெயம்மாள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷம் தான் பேசிய பேச்சுகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்து நின்றன. உள்ளேயிருந்து துணி மூட்டையோடு வந்த சம்பூர்ணத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பெத்த புள்ளையாட்டம் வளத்தவரு அண்ணி. உங்க கண்ணுல அவரு எறங்கிடக்கூடாதுன்னு இருந்தேன். என்னைய என்ன சொன்னாலும் தாங்கிக்கினேன்... எம் பொண்ண வேலைக்காரின்னு சொன்னப்புறம் இந்த வூட்ல எப்படி இருப்பேன்?"

ஜெயம்மாள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். போகாதே என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. பூவராகவன் கச்சேரி முடியட்டும், நிதானமாகப் பேசலாம் என்றார். அழுதால் தொண்டை கட்டிவிடும் என்று அவர் அழவில்லை.

பட்டுப்புடவையை மடித்து ஊஞ்சலில் வைத்துவிட்டு, சம்பூர்ணம் மகளோடு வாலாஜாபாத் பஸ் ஏறினாள். அங்கே அரிசி மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் குமாரவேல் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தான். எட்டாம் நாள் ஜெயம்மாளும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். தம்பி கச்சேரி முடிந்ததும் நேரே மதராஸ் போய்விட்டான் என்றாள். அதற்கு மேல் அவனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

காந்தா மட்டும் தினமும் வாசலில் போய் நின்றாள். கார் வந்தால் சத்தம் கேட்காது என்பதால், தெருவைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சம்பூர்ணம் போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது. பசி, தூக்கம், மழை, கோயில் என்று எல்லாவற்றுக்கும் அவர்களுக்குள் ஒரு ஜாடை இருந்தது. அப்பா வரமாட்டார் என்பதற்கு மட்டும் எப்படிக் கையை அசைப்பது என்று சம்பூர்ணத்துக்குத் தெரியவில்லை.