இடது ஓரத்தில் நின்ற எட்டு

"ஏனுங்க… எங்க சோளத்துக்கு என்ன குறைங்க?"

அறிவுச்செல்வி நிமிர்ந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவன். மழையில் நனைந்த நெற்றி. புருவத்தில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது… அதற்குக் கீழே இருந்த கண்கள் யோசிக்கவில்லை. நேராக அவளைப் பார்த்தன.

நாமக்கல்லில், கோழித் தீவன ஆலைகளுக்கு வரும் மக்காச்சோளத்தைச் சோதிக்கும் ஆய்வகம் அது. பூஞ்சை நஞ்சின் அளவு இருபதைத் தாண்டினால் ஆலை லாரியை உள்ளே விடாது. வெண்ணந்தூர் உழவர் குழுவின் லாரி மதியத்திலிருந்து ஆலை வாசலில் நின்றது. அவன் கையிலிருந்த தாளில் ஒரே ஒரு சொல்: நிராகரிப்பு.

பெயர் மாதேஷ் என்றான். நாற்பது வீட்டுச் சோளம். ரோட்டில் கொட்டாதீர்கள், தார்ப்பாயில் காயப்போடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் அவன். இந்தத் தாளோடு ஊருக்குப் போனால், இனி ஒருவரும் அவன் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

"அளவு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க."

முடிவைத்தான் அனுப்புவோம், அளவை வெளியே சொல்வதில்லை என்றாள். முடிவு சொல்வது எக்செல் தாள். அந்தத் தாளை அமைத்தவள் அவள். மூன்று வருடத்தில் ஒரு பிழை வந்ததில்லை.

"ஃபார்முலா பொய் சொல்லாதுங்க."

"சொல்லாதுங்க. அதுகிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒருக்கா பாருங்க."

போய்விட்டான்.

திமிர் பிடித்தவன்… என்று முணுமுணுத்தாள். விரல்கள் அதற்குள் தாளைத் திறந்துவிட்டன.

நாற்பத்தொன்றாம் வரிசை. வெண்ணந்தூர். 8.

எட்டா?

மற்ற எண்கள் எல்லாம் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நின்றன. எட்டு மட்டும் இடது ஓரத்தில், தனியாக…

சாம்பிள் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யம் மறைந்துபோகிறது என்று, காலையில் அந்தக் கட்டங்களை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றியிருந்தாள். பக்கத்துக் கட்டம் ஒன்றும் சேர்ந்து மாறிவிட்டது. அதில் தட்டிய எட்டு, எண் அல்ல, எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் பெரியது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். எட்டு இருபதைத் தாண்டிவிட்டது.

கட்டத்தை எண் வகைக்கு மாற்றினாள். எட்டு அசையவில்லை. நிராகரிப்பும் அசையவில்லை. கட்டத்துக்குள் போய் மறுபடி எட்டைத் தட்டி என்டர் கொடுத்தாள். எட்டு வலது ஓரத்துக்குத் தாவியது.

ஏற்பு.

ஆலைக்குப் போன் செய்தாள். லாரி உள்ளே போனது.

மேலாளர் சௌந்திரம் மேடம், மறு பரிசோதனையில் தேறியது என்று எழுதி முடித்துவிடு, யாருக்கும் தெரியாது என்றார். தெரியாதுதான்… ஆனால் அப்படி எழுதினால் முதல் சோதனையில் சோளம் தோற்றதாகிவிடும். சோளம் தோற்கவில்லை.

"என் பிழைன்னே எழுதறேன் மேடம்."

மேடம் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அவள் ராசிபுரம் போகும் பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து இன்னொரு பஸ்.

வெண்ணந்தூர் குடோனில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நடுவில் மாதேஷ். குழுத் தலைவர் காளியண்ணன் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திருப்பி உட்ட லாரிய மறுபடி உள்ள எடுத்தாங்கன்னா… யார் காலப் புடிச்ச?"

"யார் காலையும் புடிக்கலைங்க." தலை குனியாமல்தான் சொன்னான். காது மட்டும் சிவந்திருந்தது.

அவள் உள்ளே வந்தாள். கடிதத்தைக் கடைசி வரி வரை அவளே படித்தாள். அளவு எட்டு. பிழை ஆய்வகத்துடையது. மடித்துக் காளியண்ணனிடம் கொடுத்தாள்.

"தப்பு என்னோடதுங்க. உங்க சோளம் நல்ல சோளம்."

காளியண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதச் சொல்லவா சாமி இத்தன தூரம் வந்த?" என்றார். பிறகு மாதேஷின் தோளைத் தட்டினார். அடுத்த வருடத்துக்கு எத்தனை தார்ப்பாய் வேண்டும் என்று கேட்டார்.

அப்போது அவன் கண்களில் வந்த பெருமை… அவள் பார்வையை மழைக்குத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை ஒரு தார்ப்பாயை இருவர் தலைக்கும் மேலே பிடித்துக்கொண்டு வந்தான். என்ன ஆச்சுங்க என்று கேட்டான். எட்டின் கதையைச் சொன்னாள். கட்டத்தின் வகையை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே போய் மறுபடி எழுத வேண்டும் என்பதையும்.

அவன் தார்ப்பாயை அவள் பக்கம் சற்றுச் சாய்த்தான்.

"நானும் உங்கள திமிரு புடிச்ச புள்ளைன்னு மனசுல எழுதி வெச்சிருந்தேனுங்க…"

"நானும்தான்."

"குடோன்ல நீங்க படிக்கறப்பவே உள்ள போய் மாத்தி எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"இந்தப் புள்ளய எனக்குப் புடிச்சிருக்குன்னு."

மழை தார்ப்பாயில் சடசடத்தது. பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாக வரக்கூடாதா…

"அடுத்த லோடு எப்பங்க?"

"இதோட முடிஞ்சுதுங்க. இனி அடுத்த வருசந்தான்."

படியில் கால் வைத்தவள் திரும்பினாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சோளம் இல்லாமயும் வரலாங்க."