நான்காவது கட்டில்

மலை நெருப்பைக் கக்கிய பிறகு, மான்செரட் தீவின் தெற்கே ஆள் இல்லை. வடக்கே இடம் இல்லை.

பத்து வயது டெலிதாவின் ஊரே இப்போது வடக்கில் ஒரு தேவாலயக் கூடத்துக்குள் இருந்தது. ஊரில் வீடுகள் இருந்த அதே வரிசையில்தான் மடக்குக் கட்டில்களையும் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஸ்வீனி மாமா இங்கும் பக்கத்தில்தான்.

"முன்னே நமக்கு நடுவுல ஒரு மாமரம் இருந்துச்சு. இப்ப உங்க குறட்டைதான் இருக்கு" என்பாள் அம்மா.

"மாமரம் காய்க்கவே இல்லையே. குறட்டை தினமும் வருது பாரு" என்பார் அவர்.

டெலிதா வீட்டுக்கு நான்கு கட்டில்கள். அம்மாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, தம்பி ஒஷானுக்கு ஒன்று. நான்காவது அப்பாவுடையது. பசுவை ஓட்டிவர மலைப்பக்கம் போன அப்பா திரும்பவில்லை. ஏழு வாரம் ஆகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் அவருடைய பழைய பூட்ஸ் இருந்தது. அந்தக் கட்டிலில் ஒஷான் உட்கார்ந்தால்கூட அம்மா எழுப்பிவிடுவாள்.

கூடத்தைக் கவனிக்கும் மிஸ் ட்யூட் தினமும் மாலையில் நோட்டுடன் தலை எண்ண வருவார்.

"எத்தனை பேர்?"

"நாலு" என்பாள் அம்மா.

மிஸ் ட்யூட் மூன்று தலைகளைப் பார்ப்பார். நான்கு என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு நாள் பிற்பகல் கார்லீன் என்ற பெண் வந்தாள். கையில் பன்னிரண்டு நாள் குழந்தை. அவள் தங்கியிருந்த இடத்தின் கூரை சாம்பல் பாரத்தில் இறங்கிவிட்டதாம். கட்டில் இல்லாததால் வாசல் ஓரம் அட்டையை விரித்து உட்கார்ந்தாள். காற்று அடிக்கும்போதெல்லாம் சாம்பல் உள்ளே வந்தது. குழந்தை இருமியது.

"நான் கீழே படுத்தா, தூக்கிவிட நாலு ஆள் வேணும்" என்று முனகினார் ஸ்வீனி மாமா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பில்லை. மற்ற வீட்டாரின் கட்டில்களில் ஏற்கெனவே இரண்டிரண்டு பேர். எல்லோரும் ஒருமுறை அப்பாவின் கட்டிலைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

குழந்தை மறுபடி இருமியது. அந்தச் சின்ன இருமலை டெலிதாவால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து போய் கார்லீனின் பையைத் தூக்கினாள்.

"வாங்கக்கா. என் கட்டில்ல படுத்துக்கோங்க."

"நீ எங்கம்மா படுப்பே?"

டெலிதா அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பா கட்டில்ல. வேற யாரும் இல்லம்மா, நான்தானே? அப்பா வந்தா உடனே எந்திரிச்சிடுறேன்."

அம்மா மெல்ல எழுந்து, அப்பாவின் கட்டில் விரிப்பை வாசலில் கொண்டுபோய் உதறினாள். சாம்பல் பறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அதைத் திரும்ப விரித்தாள்.

"பூட்ஸை நகர்த்தாதே" என்றாள்.

"இல்லம்மா."

மாலையில் மிஸ் ட்யூட் வந்தார். "இங்க நாலு. புதுசா வந்தவங்க ரெண்டு. ஆறுதானே?" என்று நோட்டில் பேனாவை வைத்தார்.

அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "நான். டெலிதா. ஒஷான். கார்லீன். குழந்தை." அடுத்த கையின் கட்டைவிரல் மடங்காமல் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சு பேர்."

மிஸ் ட்யூட் எழுதுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

குழந்தை வீறிட்டு அழுதது. "அப்பாடா, இனி என் குறட்டை யார் காதுலயும் விழாது" என்றார் ஸ்வீனி மாமா. அம்மா சிரித்தேவிட்டாள். ஏழு வாரத்தில் முதல் முறை.

டெலிதா அப்பாவின் கட்டிலில் ஓரமாகப் படுத்துக்கொண்டாள், பாதி இடத்தைக் காலியாக விட்டு.