சிங்கத்தின் மேல் ஒட்டிய தாள்

வெள்ளிக்கிழமை காலை லோர்னா குபிசெக் அடுப்பில் சுட்ட கோழி கேசரோல் பாத்திரத்தோடு மெர்ல் ஷ்ராமின் கதவைத் தட்டினாள். மூடியில் நீல டேப், அதில் அவள் கையெழுத்தில் தேதி. பள்ளிச் சமையற்காரிக்குத் தேதி போடாமல் ஒரு பாத்திரத்தை மூடத் தெரியாது.

"நேத்து நாலு மணிக்கு பள்ளி வாரியம் ஸ்பெஷல் கூட்டம் போட்டுச்சாம். எங்க காட்டன்வுட் பள்ளிக்கூடத்தை மூடித் தொலைச்சுட்டாங்க. நாலு பேர் மூடணும்னாங்களாம், ஒருத்தர்தான் வேண்டாம்னாராம். நாற்பத்தோரு பிள்ளைங்க இனிமே ஒரு மணி நேரம் பஸ்ல போகணும். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டா, செவ்வாய்க்கிழமையே வாரிய அலுவலகக் கதவுல அறிவிப்பு ஒட்டியாச்சுன்னு சாதிக்கிறாங்க."

"வேண்டாம்னது யாரு?" என்று கேட்டார் மெர்ல்.

"என் வீட்டுக்காரர் டுவைன்தான், அவரும் வாரிய உறுப்பினராச்சே. அவருக்கே நேத்து காலையிலதான் தெரியுமாம்."

மெர்ல் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அவசரப்பட மாட்டார். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த வாரப் பத்திரிகை நிருபர் டெஸ்ஸுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"முழுசா ஒரு நாள் முன்னாடி ஒட்டலேன்னா தீர்மானம் செல்லாது, மெர்ல்."

"டேப்பை எங்க வாங்குறே லோர்னா?" என்றார் அவர்.

"பள்ளிக்கூடச் சமையலறைக்கு வர்றது. ஒரு சுருள் எங்க வண்டியில கிடக்கும். ஏன்?"

நேற்றிரவு வாரிய அலுவலகத்தைத் தாண்டி நடந்தபோது கதவில் இதே நீலத்தை மெர்ல் பார்த்திருந்தார். டுவைனை வாரிய அலுவலகத்துக்கு வரச் சொல்லி போன் செய்துவிட்டு, இருவரையும் அங்கே கூட்டிப்போனார்.

அது ஹோம்கமிங் வாரம், பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் பள்ளி விழா. புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் ஊர்க் கண்ணாடிகளிலெல்லாம் பள்ளிச் சின்னமான மஞ்சள் சிங்கம் வரைந்திருந்தார்கள். வாரியத்தின் கண்ணாடிக் கதவும் தப்பவில்லை. அந்தச் சிங்கத்தின் மூக்கின் மேல் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

மெர்ல் தாளை மெதுவாக உரித்தார். அடியில் மூக்கு முழுசாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை ஒட்டியிருந்தா பெயின்ட் தாள் மேல இருந்திருக்கும். இது சிங்கத்துக்கு அப்புறம் வந்த தாள்."

"விழுந்திருக்கும். யாராவது திரும்ப ஒட்டியிருப்பாங்க," என்றான் டுவைன்.

"விழுந்த தாளை நாலா மடிச்சு வெச்சுட்டா திரும்ப ஒட்டுவாங்க? மடிப்பைப் பாரு. மார்ஜ், நீங்களா ஒட்டினீங்க?"

வாரிய எழுத்தர் மார்ஜ் டுவைனைப் பார்த்தாள். "போறப்ப நானே ஒட்டிடறேன்னு செவ்வாய்க்கிழமை இவர்தான் வாங்கிட்டுப் போனார். நான் பின்வாசல் வழியா வர்றவ. நம்பிட்டேன்."

தாளின் நான்கு மூலையிலும் நீல டேப். லோர்னாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நம்ம பள்ளியை மூடி பக்கத்து ஊர்ப் பள்ளியோட இணைச்சா, பஸ் மேற்பார்வையாளர் வேலை தர்றதா வாரியத் தலைவர் சொன்னார்," என்றான் டுவைன். "முன்கூட்டியே தெரிஞ்சு ஊர்க்காரங்க திரண்டு வந்திருந்தா ரெண்டு பேராவது பின்வாங்கியிருப்பாங்க."

"மூடுறது எப்படியும் ஜெயிக்கும்னு தெரிஞ்சுதான் பேருக்கு எதிர்த்து ஓட்டுப் போட்டியா? நேத்து உனக்காக ஆப்பிள் பை சுட்டேனே, பாவி. நீ ஒருத்தனாவது எங்க பக்கம் நின்னியேன்னு."

டெஸ் நோட்டை மூடிவிட்டாள். லோர்னாவோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்தவன் செய்த துரோகத்தை அந்த நேரத்தில் எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை வழக்கமான கூட்டம். காட்டன்வுட் ஊரே திரண்டு வந்து நின்றது. லோர்னா அந்தத் தாளோடு மைக் முன்னால் போனாள். எதிர் மேஜையில் உறுப்பினர்களுக்கு நடுவே டுவைன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் பேசி முடித்த பிறகு தீர்மானத்தை ரத்து செய்வதைத் தவிர வாரியத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனாலும் ஊர் இன்றுவரை பேசுவது அவள் பேச்சைத் தொடங்கிய விதத்தைத்தான்.

"மூணு நிமிஷம்," என்றார் தலைவர். "பேரு, விலாசம் சொல்லிட்டுப் பேசுங்க."

"லோர்னா குபிசெக்." கொஞ்சம் நிறுத்தினாள். "விலாசத்தை மாத்தி எழுதிக்கோங்க மார்ஜ். மேப்பிள் தெரு, பதினாலு. என் அக்கா வீடு."