வெட்டியெறிந்த மூச்சு

பதிவில் பாட்டுக்கு முன்னால் இருந்த மூச்சை அவள் அப்போதுதான் வெட்டி எறிந்திருந்தாள். அது சமையலறையிலிருந்து கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே மழை பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரில் சிடி விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்க, அந்த இரண்டுக்கும் நடுவே, பாடப்போகிற ஒரு பெண் நெஞ்சு நிறைய இழுக்கும் மூச்சும், முடிவில் நாக்கு மேலண்ணத்தைவிட்டு விடுபடும் சின்னச் சொடுக்கும் தெளிவாகக் கேட்டன. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தாள். குழாய் சொட்டவில்லை. காலையில் ஊறவைத்த துணியின் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. காலையிலிருந்து அதையே கேட்டால் காதில் வேறென்ன ஒட்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பழைய கேசட்டையும் சிடியையும் எம்பி3-யாக மாற்றிக் கொடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் அவளுக்கு வேலை. இருமலையும் தொண்டைக் கனைப்பையும் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நறுக்குவதால் அங்கே அவளுக்குக் ‘கத்திரி’ என்று பட்டப்பெயர். போன வாரம் கணவன் அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி அவள் முன்னால் வைத்தான். உள்ளே அவனுடைய முதல் மனைவி பாடிய சிடிகள். பாட்டு டீச்சராக இருந்தவள். மாணவர்கள் வீட்டில் போட்டுப் பழகட்டும் என்று தானே பாடிப் பதிந்து வைத்துவிட்டுச் செத்துப்போனவள்.

“பிளேயர் போயிடுச்சும்மா. ஃபோன்ல ஏத்திக் குடுத்தா வேலைக்குப் போறப்ப கேட்டுக்குவேன். உனக்கு இது கைவந்த வேலைதானே?”

“அதுக்கென்னங்க, பண்ணித் தரேன்,” என்றாள். உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து உலுக்கலாம். செத்தவளை எதைப் பிடித்து உலுக்குவது?

முதல் சிடியிலேயே அது இருந்தது. பாட்டு முடிந்ததும் பாட்டு டீச்சர், “போதுமா? இன்னொண்ணு பாடட்டுமா?” என்கிறாள். பக்கத்தில் அவன் சிரிக்கிறான். வயிற்றிலிருந்து, அடக்க மாட்டாமல், குழந்தை மாதிரி. அப்படி ஒரு சிரிப்பு அவனிடம் இருப்பதே இவளுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஸ்டூடியோக் கதைகளையெல்லாம் குரல் மாற்றி நடித்துக் காட்டியிருக்கிறாள். அவன் உதட்டோரம் நெளியும், அவ்வளவுதான். கஞ்சன், சிரிப்பை எல்லாம் செத்தவளுக்கே கொட்டிக் கொடுத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள்.

அதோடு விடவில்லை. மற்றவர்களுக்குத் தரம் குறையாமல் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள், இந்தப் பாட்டுகளை மட்டும் தரத்தின் கடைசிப் படிவரை இறக்கி அமுக்கினாள். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களிடம் அவள் எப்போதும் சொல்வதுதான்: “ஒரே நேரத்துல ரெண்டு சத்தம் வந்தா பெருசு சின்னதை மறைச்சிடும். மறைஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டா ஃபைல் சின்னதாயிடும். உங்க காதுக்கு வித்தியாசமே தெரியாது.” பாட்டு டீச்சரிடமிருந்து எவ்வளவு தூக்கிப்போட முடியுமோ அவ்வளவும் போட்டாள். வளையல் உரசல், நாற்காலியின் கீச்சு, வரிகளுக்கு இடையிலான மூச்சு, எல்லாம். ஒவ்வொரு சிடியும் முடிந்ததும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அதன் பளபளக்கும் பக்கத்தை இனி ஓடாதபடி கீறலாகத் தேய்த்து டப்பாவில் போட்டாள். மனசுக்கு இதமாக இருந்தது.

தகரத்தில் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிப்பான் என எதிர்பார்த்தாள். மறுநாள் வேலைவிட்டு வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே, “என்னம்மா பண்ணின? பக்கத்துல உக்காந்து பாடற மாதிரியே இருக்கு!” என்றான். இயர்ஃபோனைக் கழற்றவே அவனுக்கு மனசில்லை. ஒரு வாரம் அப்படியே சுற்றினான்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் சில்லறைச் சத்தங்கள் வந்துகொண்டிருந்தன. அவள் துணி மடிக்கும்போது அலமாரிக்குப் பின்னால் வளையல் உரசியது. யாரும் உட்காராத நாற்காலி கீச்சிட்டது. படுக்கையறைக் கதவருகே அந்த நாக்குச் சொடுக்கு. எல்லாம் அவள் வெட்டியவை. எந்தப் பாட்டில் எந்த இடம் என்றுகூட அவளால் சொல்ல முடியும். பிறகு ஒரு முனகல் சேர்ந்துகொண்டது, வேலை செய்துகொண்டே யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல.

“நாளைக்கு ஸ்டூடியோல வேலை அதிகம்ங்க, லேட்டாகும்,” என்றாள் சாப்பிடும்போது. அவன் காதில் இயர்ஃபோன் இல்லை. ஆனாலும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். இன்னொரு முறை சொன்னாள். உள்ளறையில் முனகல் நின்ற பிறகுதான் நிமிர்ந்தான்.

“ஏதாவது சொன்னியா?”

“ரெண்டு தடவை சொன்னேன்.”

“கேக்கலையேம்மா,” என்றான், உண்மையாகவே குழம்பி.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போது கைதவறி ஒரு தட்டு விழுந்தது. தரையில் சுழன்றது. துள்ளியது. சத்தம் வரவில்லை. உள்ளே முனகல் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற நொடியில்தான் தட்டின் கடைசி அதிர்வு மட்டும் ணங்கென்று கேட்டது. ஈரக் கையோடு அவள் அப்படியே நின்றாள். பெருசு சின்னதை மறைச்சிடும். பயத்தைவிட முதலில் வந்தது ஆத்திரம்தான். என் வீட்டில் நானா சின்னது?

சாயங்காலம் அவன் குளிக்கப் போனதும் அவன் ஃபோனை எடுத்து எல்லாப் பாட்டையும் அழித்தாள். கம்ப்யூட்டரிலும் அழித்தாள். டப்பாவைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். இனி அந்தக் குரல் இந்த வீட்டில் எங்கேயும் இல்லை. அவன் அழுவான், அழட்டும். அழுது முடித்துவிட்டு இவள் பக்கம் திரும்பித்தானே ஆகவேண்டும்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தம் எழுப்பவில்லை.

ஹாலில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வெளிச்சம் சாம்பலாகித் தரையில் கிடந்தது. ஈரத்தலையோடு அவன் சோஃபாவில் இருந்தான். ஃபோன் மேசைமேல் அணைந்து கிடந்தது. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. முனகல் இல்லை, முழுக் குரல். தகரமில்லை. சுத்தமாக. மூச்சோடு. வளையலோடு.

“என்னங்க.”

அவள் உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

“என்னங்க! இங்க பாருங்க!”

அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையில் கைவைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. கத்திக்கொண்டுதான் இருக்கிறாள். ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் ஈ உட்கார்ந்ததுபோலத் தோளைக் குலுக்கிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். அந்த இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.

பாட்டு நின்றது. இப்போதாவது கேட்கும் என்று அவள் வாய் திறந்தாள். அதற்குள் அவன் சிரித்தான். வயிற்றிலிருந்து. வீடு நிறைய.

சிரித்து ஓய்ந்து, அமுங்கிய மெத்தையின் பக்கம் சாய்ந்து, “வீடு இப்பதான் எவ்ளோ அமைதியா இருக்கு, இல்ல?” என்றான்.

பக்கத்தில் ஒரு மூச்சு, பதில் சொல்ல இழுபட்டது. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இவள் கழுத்து நரம்பு புடைக்க அலறிக்கொண்டிருந்தாள். அவன் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தான், அந்தப் பதிலுக்கு.